கிரேட்டே வைட்ஸ்: பெண்கள் மாரத்தானின் வேகத்தை மாற்றியவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வே ஓட்ட வீராங்கனை கிரேட்டே வைட்ஸ் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே உள்ளன. அவருடைய ஓட்டங்களிலிருந்து இன்று மாரத்தானுக்குத் தயாராகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியதையும் விட வேண்டியதையும் அந்தந்த இடத்திலேயே சேர்த்திருக்கிறோம்.

யார் இந்த கிரேட்டே வைட்ஸ்?

1953 அக்டோபர் 1 அன்று ஓஸ்லோவில் பிறந்தவர். இயற்பெயர் கிரேட்டே ஆண்டர்சன். ஜாக் வைட்ஸைத் திருமணம் செய்த பிறகு இந்தப் பெயர் வந்தது. பள்ளி ஆசிரியை. 1975-லும் 1976-லும் 3,000 மீட்டரில் உலக சாதனை படைத்தார். நியூயார்க் மாரத்தானை ஒன்பது முறை வென்றார் (1978, 79, 80, 82, 83, 84, 85, 86, 88). உலக கிராஸ் கன்ட்ரி (சாலையில் அல்லாமல் புல்தரை, சேறு, மேடு வழியே ஓடும்) போட்டியில் ஐந்து தங்கம், 1983 ஹெல்சின்கி உலகத் தடகளப் போட்டியில் மாரத்தான் தங்கம், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. 2011 ஏப்ரல் 19 அன்று, 57 வயதில், புற்றுநோயால் காலமானார்.

மாரத்தான் ஓடிய முதல் பெண் இவர்தானா?

இல்லை. 1966-ல் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்த பாபி கிப்புக்கு, பெண்களின் உடல் இந்தத் தூரத்தைத் தாங்காது என்று பதில் கடிதம் வந்தது. அவர் தொடக்கக் கோட்டுக்கு அருகே புதரில் மறைந்திருந்து, கூட்டம் கிளம்பியதும் கலந்து ஓடி, 3 மணி 21 நிமிடம் 40 விநாடியில் முடித்தார். அடுத்த ஆண்டு கேத்ரின் சுவிட்சர் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கி எழுதிப் பதிவு செய்து, 261 என்ற எண்ணோடு ஓடினார். போட்டி நிர்வாகி ஒருவர் நடுவழியில் அவர் எண்ணைப் பிய்த்தெடுக்கப் பாய்ந்த புகைப்படம் உலகமெங்கும் போனது. பாஸ்டன் பெண்களை முறையாக அனுமதித்தது 1972-ல்தான். அந்த ஆண்டு நினா குஸ்சிக் 3:10:26-ல் வென்றார்.

ஆகவே கதவைத் திறந்தவர்கள் வேறு பெண்கள். பெண்களால் 42 கி.மீ. ஓட முடியுமா என்ற கேள்வி 1970-களின் நடுவிலேயே தீர்ந்துவிட்டது. எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொன்னவர் வைட்ஸ்.

3,000 மீட்டரில் உலக சாதனை இருந்தும் 1984-க்கு முன் ஒலிம்பிக் பதக்கம் ஏன் இல்லை?

அவருக்குப் பொருத்தமான ஓட்டம் அப்போது ஒலிம்பிக்கில் இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஓடியவர்கள் மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கி எழுத, அந்த ஓட்டத்தையே 1960 வரை எடுத்துவிட்டார்கள். 1,500 மீட்டர் 1972-ல் வந்தது. 3,000 மீட்டரும் மாரத்தானும் 1984-ல்தான் வந்தன. வைட்ஸ் 1972 மியூனிக்கிலும் 1976 மான்ட்ரியாலிலும் 1,500 மீட்டர் ஓடினார். கடைசி 200 மீட்டரில் வெடித்து ஓடும் வேகம் உள்ளவர்களுக்கான ஓட்டம் அது. வைட்ஸின் பலமோ தளராத ஒரே வேகம். 1980 மாஸ்கோவை நார்வே புறக்கணித்தது. அவருக்கு ஏற்ற தூரம் ஒலிம்பிக்குக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு 31 வயதாக இரண்டு மாதமே பாக்கி.

1978 நியூயார்க்கில் நடந்தது என்ன?

தடகளத்திலிருந்து விலகும் யோசனையில் இருந்த வைட்ஸை, போய்ப் பார்க்கலாம் என்று அழைத்துப் போனவர் கணவர் ஜாக். போட்டி இயக்குநர் ஃபிரெட் லீபோவுக்கு அவர் வெற்றி பெறுவார் என்ற எண்ணம் கிடையாது. 3,000 மீட்டர் சாதனையாளர் ஆயிற்றே, முன்னணிப் பெண்களுக்கு ஆரம்ப வேகத்தை அமைத்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்தார். கடைசி நேரத்தில் சேர்ந்ததால் 1173 என்ற பின்வரிசை எண் கிடைத்தது. முந்தின இரவுச் சாப்பாடு இறால், மாட்டிறைச்சி, சுட்ட உருளைக்கிழங்கு, ஒயின், ஐஸ்கிரீம்! அதுவரை அவர் பயிற்சியில் ஓடிய அதிகபட்சத் தூரம் சுமார் 20 கி.மீ.

அக்டோபர் 22 அன்று 2:32:30-ல் முடித்தார். அதுவரை உலகின் சிறந்த நேரம் மேற்கு ஜெர்மனியின் கிறிஸ்டா ஃபாலன்சீக் 1977-ல் ஓடிய 2:34:47. அதைவிட இரண்டு நிமிடத்துக்கும் மேல் வேகம். இரண்டாவதாக வந்த பெண் ஒன்பது நிமிடம் பின்னால் இருந்தார். முடித்த கையோடு காலணிகளைக் கழற்றி ஜாக் மீது எறிந்தார், இனி ஒருபோதும் இதைச் செய்யமாட்டேன் என்றார். மறு ஆண்டே திரும்பி வந்து 2:27:33. இரண்டரை மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்த முதல் பெண் என்ற பெயர் அதனால் கிடைத்தது. 1980-ல் 2:25:42.

20 கி.மீ.க்கு மேல் ஓடாதவர் எப்படி 42 கி.மீ. ஓடி முடித்தார்?

ஓடி முடித்தது உண்மை. கடைசிப் பகுதியில் அவதிப்பட்டதும் உண்மை.

அவருடைய 3,000 மீட்டர் சாதனை 8:45.4. அதாவது கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 55 விநாடி. 1978 நியூயார்க்கில் ஓடியது கிலோமீட்டருக்கு 3:37. நடுவே 42 விநாடி இடைவெளி. அவர் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது நிதானமான வேகம்தான். அதனால் முதல் 25, 30 கி.மீ. சிரமமே தெரியவில்லை. இது நிதானம் என்பது கால்களுக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் தொடர்ந்து தரையில் மோதிப் பழகாத தொடைத் தசைகள் இறுகின. மைல் கணக்கு பழக்கமில்லாததால் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதே பிடிபடவில்லை. மரங்கள் தென்படுகிற இடமெல்லாம் முடிவிடமான சென்ட்ரல் பார்க்கோ என்று தேடிக்கொண்டே ஓடினார்.

ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தை மதிப்பிடும் ரீகல் சூத்திரம் ஓட்டக்காரர்களிடையே பிரபலம். அதில் 8:45.4-ஐப் போட்டால் மாரத்தானுக்கு ஏறக்குறைய 2:24:20 வருகிறது. 1986-ல் லண்டனில் அவர் ஓடிய வாழ்நாள் சிறந்த நேரம் 2:24:54! பத்து ஆண்டுக்கு முன் ஓடிய ஏழரை வட்டத்துக்குள்ளேயே அந்த மாரத்தான் இருந்திருக்கிறது. 1978-ல் கணக்கைவிட எட்டு நிமிடம் கூடுதலானதற்குக் காரணம் வேகக் குறைவு அல்ல, நீண்ட ஓட்டப் பழக்கம் இல்லாததுதான். வேகம் முன்பே சேர்ந்திருந்தால் தூரத்தைப் பிறகு கட்டலாம் என்பதற்கு வைட்ஸை விட நல்ல உதாரணம் கிடையாது.

இந்தக் கணக்கை என் நேரத்துக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

அண்மையில் முழு முயற்சியுடன் ஓடிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 கி.மீ. என்றால் 16.5-ஆல் பெருக்கவும். 5 கி.மீ. என்றால் 9.6, 10 கி.மீ. என்றால் 4.6, அரை மாரத்தான் என்றால் 2.085. 5 கி.மீ.யை 25 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 240 நிமிடம், அதாவது 4 மணி நேரம் வரும்.

இது தூரத்துக்கான பயிற்சி முழுமையாக இருந்தால் கிடைக்கக்கூடிய நேரம். வாரத்துக்கு 40 கி.மீ.க்குக் கீழே ஓடுகிறவர் இதோடு 15 முதல் 25 நிமிடம் கூட்டிக்கொள்வது நல்லது. பலர் செய்யும் தவறு, கூட்டாமல் அந்த நேரத்தையே இலக்காக வைத்து முதல் பாதியை ஓடுவது. விளைவு 30 கி.மீ.க்குப் பிறகு நடை. அரை மாரத்தான் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் பிழை குறையும், தூரம் நெருங்கியிருப்பதால்.

30 கி.மீ. தாண்டியதும் உடலில் என்ன நடக்கிறது?

ஓடுவதற்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ கலோரி செலவாகும். 55 கிலோ எடையுள்ளவருக்கு 42 கி.மீ. ஓட 2,300 கிலோ கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாக (உடல் சேமிக்கும் மாவுச்சத்து) சேர்த்து வைக்க முடிவது 350 முதல் 500 கிராம். அதாவது 1,400 முதல் 2,000 கிலோ கலோரி. மீதியைக் கொழுப்பு தரும். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். கிளைக்கோஜன் தீர்ந்ததும் வேகம் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம்கூடக் குறையும், மனமும் மந்தமாகும். முதல் 10 கி.மீ.யை அதிக வேகமாக ஓடியவருக்கு இது சீக்கிரமே வரும், ஏனெனில் வேகம் ஏற ஏறக் கொழுப்பின் பங்கு சுருங்கும்.

வைட்ஸின் அந்த இரவுச் சாப்பாடு ருசியானது, ஆனால் மாரத்தானுக்கு உகந்ததல்ல. போட்டிக்கு முந்தைய 36 முதல் 48 மணி நேரத்தில், ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து எடுக்க வேண்டும். 55 கிலோவுக்கு 440 முதல் 550 கிராம். கொழுப்பையும் நார்ச்சத்தையும் குறைத்துக்கொண்டால்தான் அவ்வளவு உள்ளே போகும். அன்றைக்குக் காலை, தொடக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன், கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம். ஓடிக்கொண்டே உறிஞ்சும் மாவுச்சத்துப் பாகான ஜெல் ஒன்றில் வழக்கமாக 20 முதல் 25 கிராம் இருக்கும். 30 அல்லது 40 நிமிடத்துக்கு ஒன்று என்று, களைப்பு வருவதற்கு முன்பே முதல் முக்கால் மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர் குடியுங்கள். ஸ்போர்ட்ஸ் பானத்தோடு சேர்த்தால் சர்க்கரைச் செறிவு கூடி வயிற்றைப் பிசையும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் தாகத்துக்கு மட்டும் குடிப்பது பாதுகாப்பு. ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள். ரத்தத்தில் சோடியம் இறங்கும் ஆபத்து அதில் உண்டு.

வைட்ஸ் எப்படிப் பயிற்சி செய்தார்?

வேலைக்குப் போகிறவர் என்பதால் நாளுக்கு இரண்டு ஓட்டம். பள்ளிக்குக் கிளம்பும் முன், விடிகாலை 5 மணி வாக்கில் ஒன்று, மாலையில் ஒன்று. ஓஸ்லோவின் பனிக்காலத்திலும் அதே. உச்சக் காலத்தில் வாரத்துக்கு 160 கி.மீ. வரை போனது. கணவர் ஜாக்கும் அவரோடு சேர்ந்து ஓடினார், அவருக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். பெரும்பகுதி ஓட்டம் சீரான, ஓரளவு வேகமான ஓட்டம். 3,000 மீட்டர் காலத்து இன்டர்வல் பயிற்சியை (வேகமாக ஓடி, நடுவே மெதுவாக ஓடி, மறுபடி வேகமாக ஓடுவது) மாரத்தானுக்கு வந்த பிறகும் கைவிடவில்லை.

அதை அப்படியே நாமும் செய்யலாமா?

தூரத்தைக் காப்பியடிக்க வேண்டாம். பத்து ஆண்டுக்கு மேல் தடகளத்தில் ஓடி எலும்பும் தசைநாரும் உறுதிப்பட்ட பிறகு வந்த அளவு அது. எடுத்துக்கொள்ள வேண்டியது அமைப்பை: வேகத்தை விடாமல் தூரத்தைக் கூட்டுவது.

தொடர்ந்து 12 கி.மீ. ஓட முடிகிறவருக்கு 16 முதல் 18 வாரம் போதும். வார இறுதி நீண்ட ஓட்டத்தை (லாங் ரன்) வாரத்துக்கு 2 கி.மீ. வீதம் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் கால் பங்கு குறையுங்கள். 28 முதல் 32 கி.மீ. அல்லது மூன்று மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதுவே உச்சம். அந்தக் கடைசி நீண்ட ஓட்டம் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு முடிந்துவிட வேண்டும். லாங் ரன்னின் வேகம் மாரத்தான் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 40 முதல் 60 விநாடி மெதுவாக இருக்கட்டும். உச்சத்துக்கு வந்தபின் இரண்டு அல்லது மூன்று லாங் ரன்களில் மட்டும் கடைசி 6 முதல் 8 கி.மீ.யை மாரத்தான் வேகத்தில் முடியுங்கள். 1978-ல் வைட்ஸின் தொடைகளுக்குக் கிடைக்காமல் போன பழக்கம் அதுதான்.

வாரத்தில் ஒரு நாள் வேகம். ஒரு வாரம் 5 கி.மீ. வேகத்தில் 1,000 மீட்டர் ஐந்து முறை, நடுவே இரண்டரை நிமிட மெது ஓட்டம். மறு வாரம் 20 முதல் 30 நிமிட டெம்போ ஓட்டம். மூன்று நான்கு சொல் பேச முடிகிற, முழு வாக்கியம் பேச முடியாத வேகம். ஐந்தாவது 1,000 முதலாவதைவிட 5 விநாடிக்கு மேல் மெதுவானால் தொடக்க வேகம் தவறு. மற்ற நாள்கள் எல்லாம் மெது ஓட்டம். அந்த மெது நாள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வேகப்படுத்திக்கொண்டே போவதுதான் பெரும்பாலான திட்டங்கள் உடையும் இடம். கடைசி மூன்று வாரம் தூரத்தை 75, 55, 30 சதவீதமாகக் குறையுங்கள். வேகப் பயிற்சியைச் சுருக்கினாலும் முழுக்க விடாதீர்கள், கால் மந்தமாகிவிடும்.

மாரத்தான் ஓடுகிறவருக்கு கிராஸ் கன்ட்ரி எதற்கு?

சேறு, ஏற்றம், புல்தரை என்று அடியெடுப்பு ஒவ்வொன்றும் மாறும். கணுக்காலும் இடுப்பும் உறுதிப்படும், ஒரே இடத்தில் அடி விழாததால் எலும்புக்கும் ஓய்வு. கடிகாரம் பார்த்து ஓட முடியாததால் மூச்சை வைத்து வேகத்தை உணரும் பழக்கம் வரும். வைட்ஸ் 1978 முதல் 1981 வரை தொடர்ந்து நான்கு முறை, பிறகு 1983-ல், உலகப் பட்டம் வென்றார். 1982-லும் 1984-லும் வெண்கலம்.

1984 ஒலிம்பிக்கில் தங்கம் ஏன் தவறியது?

1984 ஆகஸ்ட் 5. பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் சுமார் 5 கி.மீ.யிலேயே கூட்டத்தை விட்டு முன்னேறினார். லாஸ் ஏஞ்சலஸ் வெயிலில் அவர் தளர்ந்துவிடுவார் என்று மற்றவர்கள் பின்தொடரவில்லை. அவர் தளரவில்லை. பெனாய்ட் 2:24:52, வைட்ஸ் 2:26:18, போர்ச்சுகலின் ரோசா மோட்டா 2:26:57. சில நாள்களுக்கு முன் வைட்ஸுக்கு முதுகுப் பிடிப்பு இருந்தது, அதுவும் கணக்கில் சேரும். ஆனாலும் எங்கள் கருத்தில் தோல்வி நடந்தது அந்த 5 கி.மீ.யில்தான். தன் வேகத்தை நம்பி ஓடுபவரை வெயில் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது பந்தயம் கட்டுவது போலத்தான். அது எப்போதும் பலிக்காது.

உலக சாதனையா, உலகின் சிறந்த நேரமா?

மாரத்தானில் அதிகாரபூர்வ உலக சாதனை என்ற ஏற்பு 2004 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முந்தையவை எல்லாம் உலகின் சிறந்த நேரம். இன்னொரு சிக்கல் பாதையின் நீளம். 1981 நியூயார்க் பாதையைப் பின்னர் அளந்தபோது சுமார் 150 மீட்டர் குறைவு என்று தெரிந்தது. அதனால் அந்த ஆண்டு ஆலிசன் ரோ ஓடிய 2:25:29 பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. வைட்ஸின் 1978 முதல் 1980 வரையிலான நேரங்களையும் சில புள்ளிவிவர நிபுணர்கள் சந்தேகக் குறியோடு எழுதுகிறார்கள். 1983 ஏப்ரல் 17 அன்று லண்டனில் அவர் ஓடிய 2:25:29-க்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரே நாள்தான் நிலைத்தது. மறுநாள் பாஸ்டனில் ஜோன் பெனாய்ட் 2:22:43 ஓடிவிட்டார்.

காயங்கள் அவரை எவ்வளவு பாதித்தன?

1981 நியூயார்க்கில் முன்கால் (முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு) வலியால் நடுவழியில் விலகினார். 1988-ல் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சியோல் ஒலிம்பிக்கில் ஓடத் தொடங்கி முடிக்காமல் நின்றார். சில வாரம் கழித்து நியூயார்க்கில் 2:28:07-ல் ஒன்பதாவது வெற்றி.

முன்கால் வலியில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். எலும்பின் உட்பக்க ஓரமாக ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்து, ஓட ஓடச் சற்றுத் தணிந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட். தூரத்தைப் பாதியாக்கி, கெண்டைத் தசைப் பயிற்சி செய்தால் ஆறும். விரல் நுனி அளவு இடத்தில் அழுத்தினால் சுரீரென்று வலித்து, ஓட ஓடக் கூடி, ஓய்விலும் இரவிலும் வலித்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

நெடுந்தூரம் ஓடினால் கருப்பைக்குப் பாதிப்பு என்றார்களே, உண்மையா?

அந்தக் காலத்தில் தடைக்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று, ஆதாரம் இல்லாதது. உண்மையான ஆபத்து வேறு: செலவுக்கு ஏற்பச் சாப்பிடாமல் ஓடுவது. ஆற்றல் பற்றாக்குறை நீடித்தால் ஈஸ்ட்ரோஜன் இறங்கி மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு அடர்த்தி குறையும், விரிசல்கள் வரும். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நல்ல பயிற்சியின் அடையாளம் அல்ல, பரிசோதனை தேவை. கூடவே ஃபெரிட்டினையும் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். காரணமில்லாமல் மெது ஓட்டத்திலும் மூச்சு வாங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

போட்டிகளை விட்ட பிறகு என்ன செய்தார்?

1990 நியூயார்க்கில் நான்காவதாக வந்ததோடு போட்டி ஓட்டம் முடிந்தது. 1992-ல் மூளைப் புற்றுநோயோடு இருந்த லீபோவுக்குத் துணையாக அதே நியூயார்க் மாரத்தானை ஐந்தரை மணி நேரம் ஓடினார். முன்பு ஓடிய நேரங்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் காலில் நிற்பது அவர் தசைகளுக்குப் புதிது. 2005-ல் அவருக்கே புற்றுநோய் தெரிந்தது. 2007-ல் புற்றுநோயாளிகள் சிகிச்சையின்போது உடற்பயிற்சி செய்ய உதவும் 'ஆக்டிவ் மூட் கிரெஃப்ட்' அமைப்பைத் தொடங்கினார். ஓஸ்லோவில் 1984 முதல் பெண்களுக்கான ஓட்டம் ஒன்று அவர் பெயரில் நடந்தது. பிஸ்லெட் மைதானத்துக்கு வெளியே அவர் சிலை இருக்கிறது.

இங்க்ரிட் கிறிஸ்டியன்சனும் இவரும் ஒருவரா?

இல்லை, அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். இருவரும் நார்வேக்காரர்கள், ஒரே காலத்தவர்கள். 1985 லண்டனில் 2:21:06 ஓடியவர் கிறிஸ்டியன்சன், வைட்ஸ் அல்ல. 1984 ஒலிம்பிக்கில் கிறிஸ்டியன்சன் நான்காவது. வைட்ஸ் ஒலிம்பிக் தங்கம் வென்றதாக எங்காவது படித்தால் அதுவும் தவறு. அவருடைய மாரத்தான் தங்கம் 1983 ஹெல்சின்கியில், 2:28:09-ல்.